சென்ற மலரின் நான்காம் பக்கத்துக்குத் திருத்தம்

அப்பாவின் முப்பத்தோராம் நாளன்று உங்கள் எல்லோருடைய கையிலும் ஒரு நினைவு மலர் தந்தோம். நல்ல தாள், நல்ல படம். பலர் அதைக் கொண்டுபோய் அலுமாரியில் பத்திரமாக வைத்திருப்பீர்கள். அதன் நான்காம் பக்கத்தில், “அன்னார் கனடாவில் நிறுவனமொன்றின் நிர்வாக மேற்பார்வையாளராக நீண்டகாலம் பணியாற்றினார்” என்று ஒரு வரி இருக்கிறது. அது பொய். அந்த வரியை எழுதியவள் அவருடைய ஒரே மகளாகிய நான். யாருடைய மனமும் நோகக்கூடாது என்று எழுதினேன். ஓராண்டாக என் மனம்தான் நோகிறது.

அப்பா ரொறன்ரோவில் பாதர்ஸ்ட் வீதியிலுள்ள ஒரு சிறிய யூதத் தொழுகைக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் துப்புரவு வேலை செய்தார். நிலம் கூட்டினார், கழிப்பறை கழுவினார், வாசலில் பனி வழித்தார். ஆண்டுத் திவசத்துக்கு இந்த இரண்டாவது மலரை அச்சிட்டிருப்பது இதைச் சொல்வதற்காகத்தான். இதை வாசித்து முகம் சுளிப்பவர்கள் சுளிக்கலாம். மிச்சத்தையும் வாசித்துவிட்டுச் சுளித்தால் நல்லது.

அப்பா தென்மராட்சியில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். தகப்பனார் வேளைக்கே இறந்துவிட்டதால் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுச் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். தம்பி தங்கைகள் எல்லோரையும் படிப்பித்தார். பிறகு அதே கடைக்கு மனேச்சர் ஆனார். தட்டுப்பாடான காலத்திலும் சொந்தக்காரர் என்று எவருக்கும் ஒரு சுண்டு அரிசி கூடுதலாகக் கொடுக்கமாட்டார் என்பதால், சொந்தக்காரர்கள் பாதிப்பேர் அவரோடு கோபமாகவே இருந்தார்கள். அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்: “கலியாணம் முடிச்சு வந்த முதல் கிழமையே சீனி இல்லாமல் தேத்தண்ணி குடிச்சனான். சங்கக்கடை மனேச்சர் வீட்டிலை சீனி இல்லை எண்டு நான் ஆருக்குச் சொல்லுறது?”

போரில் வீடு போனது, கடையும் போனது. இடம்பெயர்ந்து மூன்று இடங்களில் இருந்தோம். முன்பே கனடா வந்திருந்த சித்தப்பாதான் எங்களை இங்கே எடுப்பித்தார். பார்க்டேலில் அவருடைய ஒற்றை அறை வீட்டில் ஏழு பேர் இருந்தோம். சித்தப்பா தன் கட்டிலை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் விட்டுவிட்டு இரண்டு வருடம் சோபாவில் படுத்தார். இதை நான் மறக்கவில்லை. பின்னால் அவரைப் பற்றி எழுதப்போவதை வாசிக்கும்போது நீங்களும் மறக்கவேண்டாம்.

அப்பா முதலில் ஹோட்டலில் கோப்பை கழுவினார். அங்கே கூட வேலை செய்த போலந்துக்காரர் ஒருவர், பாதர்ஸ்ட் வீதியில் யூதர்களின் கோயிலொன்றுக்குக் காலையில் ஆள் தேவை என்றார். அப்பா போனார். நேர்முகத்தில் அவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: திங்களும் வியாழனும் விடியற்காலையில் பிந்தாமல் வரமுடியுமா? ஏன் அந்த இரண்டு நாள் என்று அப்பாவுக்கு அப்போது தெரியாது. முடியும் என்றார். ஒரு நாளும் பிந்தவில்லை.

அந்த நாட்களில்தான் அவர்கள் வேதம் வாசிக்கிறார்கள். தோரா என்று அவர்கள் சொல்லும் வேதம், பதப்படுத்திய தோலில் கையால் எழுதிய ஒரு நீண்ட சுருள். பட்டு உறை போட்டு, திரை மறைத்த மாடத்தில் வைத்திருப்பார்கள். திங்கள், வியாழன் காலையிலும், சனிக்கிழமை காலையிலும் பின்னேரத்திலும் அதை வெளியே எடுத்து மேடையில் விரித்து, சபைக்குக் கேட்க இராகத்தோடு வாசிப்பார்கள். தோலில் வெறும் விரல் படக்கூடாது. நுனியில் சின்னக் கை வைத்த வெள்ளிக் கோலால் வரியைத் தொட்டுப் போகவேண்டும். தலைகீழாகப் பாடமாக இருந்தாலும் பார்த்துத்தான் வாசிக்கவேண்டும். வளர்ந்த யூத ஆண்கள் பத்துப் பேர் சேராவிட்டால் சுருளை எடுக்கவே கூடாது. ஒன்பது பேர் எவ்வளவு நேரம் குந்தியிருந்தாலும் மாடம் திறக்காது.

அப்பா வேலைக்குப் போன முதல் கிழமையே ஒரு பிழை விட்டார். பத்துப்பேர் வந்துவிட்டார்களா என்று அவர்கள் பார்ப்பதைக் கண்டு, உதவி செய்கிறேன் என்று கூட்டுகிற தும்புத்தடியும் கையுமாக வாசலில் நின்று, விரல் நீட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணத் தொடங்கிவிட்டார். மோரிஸ் என்ற தையற்காரர், அப்போதே அறுபது வயதிருக்கும், ஓடிவந்து அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டாராம். மனிதரை அப்படி எண்ணக்கூடாது. பத்துச் சொல் உள்ள ஒரு வசனத்தை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிப் பார்க்கவேண்டும். அப்பாவுக்கு வெட்கம் வரவில்லை, சந்தோஷம் வந்தது. “எங்கடை அம்மாவும் பிள்ளையளை எண்ண விடமாட்டா” என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அன்று முதல் அவர் அவர்களை எண்ணவில்லை. முகங்களைப் பார்த்து யார் குறைகிறார் என்று கண்டுபிடித்து, அவரைப் போய் ஏற்றிக்கொண்டு வந்தார்.

இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவருடைய வேலையும் அதுவல்ல. திங்களும் வியாழனும் வெளிச்சம் வர முதல், கூடத்தைத் திறந்து சூடேற்றிவிட்டு, தன் பழைய வான் வண்டியில் கால் ஏலாத கிழவர்களின் வாசல்களுக்குப் போனார். சனிக்கிழமை அவர்களின் ஓய்வுநாள், வாகனத்தில் ஏறுவதில்லை. ஆகவே சனிக்கு வெள்ளியே அவர்கள் நடக்கும் பாதையில் பனி உருக உப்புப் போட்டுவிட்டு வருவார்.

நமது ஆட்கள் சும்மா இருப்பார்களா? “யூதன்ரை கோயிலிலை கக்கூஸ் கழுவுறார்” என்ற கதை ஸ்காபரோ முழுக்கப் போனது. மார்க்கம் நகரில் ஒரு கலியாண மண்டபத்தில் என் காதுபடவே ஒருவர் அப்பாவிடம், “அண்ணை, எங்கடை கோயிலிலை ஒரு நாளாவது கூட்டினனீங்களோ?” என்று நக்கலாகக் கேட்டார். அப்பா இலையிலிருந்து நிமிராமல், “அங்கை கூட்ட எவ்வளவோ பேர் நிக்கினம் தம்பி. போட்டோவும் எடுக்கினம். இஞ்சை நான் ஒருத்தன்தான்” என்றார். கேட்டவர் பாயசத்துக்கு நிற்கவில்லை.

அந்தக் கூடத்தில் எல்லாம் எனக்குப் பிடித்தது என்று நினைக்கவேண்டாம். பெண்களுக்கு மறைப்புக்குப் பின்னால்தான் இடம். வேதம் வாசிக்க முதலில் அழைக்கப்படுவது கோஹன் என்ற பழைய பூசாரி வம்சத்தவர், இரண்டாவது லேவி வம்சத்தவர், அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். மோரிஸ் ஒரு கோஹன். பிறப்பைப் பார்த்து வரிசை வைப்பதா என்று பதினேழு வயதில் நான் அப்பாவோடு சண்டை பிடித்தேன். அந்த மறைப்பை இழுத்து விழுத்தவேணும் என்றேன். அப்பா வானை ஓட்டிக்கொண்டே சொன்னார்: “நீ சொல்லுறது ஞாயம் பிள்ளை. முதல் எங்கடை கோயிலிலை மூலஸ்தானத்துக்கு உள்ளுக்குப் போய்க் காட்டு, பேந்து அவையின்ரை மறைப்பை இழுப்பம்.” இன்னும் அந்த மறைப்பு எனக்குப் பிடிக்காது.

ஒரு சனிக்கிழமை அப்பா பிந்தி வந்து, சாப்பிடும்போது நடந்ததைச் சொன்னார். வாசிப்பு நடுவில் நின்றுவிட்டதாம். சுருளில் ஒரு எழுத்தின் மை வெடித்து உதிர்ந்திருந்தது. உடனே அந்தச் சுருளை மூடி, இன்னொன்றை எடுத்து விரித்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். பழுதான சுருளுக்கு உறையின் மேலாக ஒரு துணிப்பட்டியைக் கட்டி வைத்தார்கள், எழுதுபவர் வந்து திருத்தும்வரை யாரும் தெரியாமல் எடுத்துவிடக்கூடாது என்று.

அம்மா கேட்டார்: “ஒரு எழுத்துத்தானே? தெரிஞ்ச சொல்லுத்தானே? வாசிச்சு முடிச்சிருக்கலாமே.”

“தெரிஞ்ச சொல்லு எண்டாலும், இல்லாததை இருக்குதெண்டு வாசிக்கேலாது” என்றார் அப்பா. சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

வேலையை விட்டபிறகும் ஏற்றி இறக்குவதை அவர் விடவில்லை. நாங்கள் தூரத்திலுள்ள யூனியன்வில்லுக்கு வீடு மாறி வந்தபிறகும் அங்கிருந்து பாதர்ஸ்டுக்குப் போனார். கூடத்தின் கதவுத் திறப்பை, அந்தச் சாவியை, அவர்கள் திருப்பிக் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. கடைசியில் இருதயம் பழுதாகிப் படுக்கையில் விழுந்தபோது, திங்கட்கிழமை வந்தால் விழித்துக்கொண்டு, “மோரிஸ் அண்ணையை ஆர் ஏத்துறது?” என்று கேட்பார். நான் போகிறேன் என்றேன். சும்மா சொல்லாமல் உண்மையாகவே போனேன். ஆறு கிழமை, வேலைக்குப் போக முதல். எண்பது தாண்டிய மோரிஸ் என் காரில் ஏறி, பிறர் வீட்டுப் பாத்திரம் பாவிக்காத மனிதர் என்பதால் கடதாசிக் கோப்பையில் நான் கொண்டுபோகும் பாலில்லாத தேநீரைக் குடித்துக்கொண்டு, அப்பாவைப் பற்றி ஒரு கேள்வி மட்டும் கேட்பார். சாப்பிட்டாரா? அதற்கு மேல் கேட்கமாட்டார்.

ஏழாவது கிழமை அப்பா போய்விட்டார்.

செத்தவீட்டுக்குக் கறுப்புத் தொப்பியோடு ஒன்பது பேர் வந்து பின்வரிசையில் நின்றார்கள். மோரிஸ் உள்ளே வரவில்லை. பனியில், வாகனத் தரிப்பிடத்தில், தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். “உவர் ஏன் உள்ளுக்கு வரேல்லை? எங்களோடை நிண்டால் தீட்டோ?” என்று ஒரு மாமி எல்லோருக்கும் கேட்கவே கேட்டார். நான் போய்ப் பார்த்தேன். கோஹன் வம்சத்தவர்கள் பிரேதம் இருக்கும் கூரையின்கீழ் வருவதில்லை. உள்ளே வரமுடியாதது தனக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை அம்மாவிடம் சொல்லச் சொன்னார். அம்மா அழுதுகொண்டிருந்தவர், நிமிர்ந்து அந்த மாமியைப் பார்த்தே சொன்னார்: “துடக்குக் காக்கிற மனுசன் எண்டால் எங்களுக்கு விளங்காதோ? அவருக்குச் சூடா ஒரு தேத்தண்ணி கொண்டே குடு பிள்ளை.” இரண்டு மணித்தியாலமும் அவர் வெளியில்தான் நின்றார்.

யார் இந்த வெள்ளைக்காரர்கள் என்று ஆட்கள் கேட்டபோது சித்தப்பா, “அண்ணையின்ரை ஒஃபிஸ் ஆக்கள்” என்றார். நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

எனக்குச் சகோதரர் இல்லாததால் கொள்ளி வைத்ததும் சித்தப்பாதான். அதன்பிறகு மலர் எழுதும்போது அவர் சொன்னதை எப்படித் தட்டுவது? “உதை எழுதி என்னத்தைக் காணப்போறாய் பிள்ளை? நாளைக்கு உன்ரை பிள்ளையளுக்குக் கலியாணம் பேசேக்கை இந்த மலர்தான் கைக்குக் கை போகும். மேற்பார்வையாளர் எண்டு போடு. பொய்யும் இல்லைத்தானே, கூடத்தைப் பாத்துக்கொண்டவர்தானே?” நான் போட்டேன்.

முப்பத்தோராம் நாள் கழிந்த பிறகு, ஒரு திங்கட்கிழமை, திறப்பைக் கொடுப்பதற்காக அந்தக் கூடத்துக்குப் போனேன். வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. மறைப்புக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அன்று வாசித்தவர் அவர்களுக்குள் பெரிய படிப்பாளி, பலருக்கு ஆசிரியர். மேடையில் அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்றார்கள். திடீரென்று இரண்டு பேரும் சேர்ந்து சத்தமாக ஒரு சொல்லைச் சொன்னார்கள். அவர் பிழையாக வாசித்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் அவருக்காக வெட்கப்படவுமில்லை. அவரும் விளக்கம் சொல்லவில்லை. வெள்ளிக் கோலைப் பின்னால் நகர்த்தி, சொல்லின் தொடக்கத்துக்குப் போய், சரியாக வாசித்துவிட்டு மேலே போனார். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கருத்து மாறும் பிழையை அப்போதே, எல்லோரும் கேட்கத் திருத்தவேண்டும் என்பது அவர்களின் சட்டம். இரகசியமாகப் பிறகு சொல்வது திருத்தம் ஆகாது. கேட்டவர்கள் பிழையைக் கேட்டுவிட்டார்கள் அல்லவா?

முடிந்ததும் திறப்பை மோரிஸிடம் நீட்டினேன். வாங்கவில்லை. கதிரையில் இருத்தி, எனக்கு ஒரு கதை சொன்னார். அப்பா வீட்டில் ஒருநாளும் சொல்லாத கதை.

ஒரு வியாழக்கிழமை பனிப்புயலாம். ஒன்பது பேர் வந்துவிட்டார்கள். வேறு நகரத்திலிருந்து வந்த ஒருவர் அன்று அந்த ஒன்பதில் ஒருவராக இருந்தார். தொப்பி போட்டபடி கதவோரம் நின்ற அப்பாவை அவர் கண்டார். எப்போது எழும்பவேண்டும், எப்போது கதவைச் சாத்தவேண்டும் என்று தெரிந்த ஒரு கறுத்த மனிதர். இந்தியாவிலும் யூதர் இருக்கிறார்களே. அவர்களில் ஒருவர் என்று நினைத்துவிட்டார். பத்துப் பேர் சரி, தொடங்கலாம் என்றார். எல்லோருக்கும் வேலைக்குப் பிந்திக்கொண்டிருந்தது. மற்றவர்கள் அவரைத் திருத்த வாயெடுப்பதற்குள் அப்பா முன்னுக்கு வந்து, கூடம் முழுக்கக் கேட்கத் தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாராம்: “நான் பத்தாவது ஆள் இல்லை. நான் இங்கே துப்புரவு செய்பவன். பதினைந்து நிமிடம் பொறுங்கள்.” சப்பாத்தைப் போட்டுக்கொண்டு புயலுக்குள் போய் ஒருவரை ஏற்றிவந்தார். அன்று வாசிப்பு நடந்தது. அந்த வெளியூர்க்காரர் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்க, அப்பா அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாராம்.

அதைக் கேட்டு எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது, முழுக்க என் மேல். ஒரு கணமாவது பெரிய இடத்தில் நின்றிருக்கலாம். அது தனக்குரியது இல்லை என்று அந்த மனிதர் ஊர் கேட்கச் சொன்னார். தான் யார் என்று சொல்ல அவருக்கு ஒரு துளி வெட்கம் இருக்கவில்லை. அவர் வாய் மூடியபிறகு, அவர் சொன்னதை அழித்துவிட்டு, அவர் இல்லாத ஒரு ஆளை அச்சடித்து முந்நூறு பேருக்குக் கொடுத்தது அவர் பெற்ற பிள்ளை.

முந்நூறு பேர் வாசித்த பிழையை முந்நூறு பேருக்கு முன்னால்தான் திருத்தவேண்டும். அதனால்தான் இந்த மலர். சித்தப்பாவிடம் சொன்னேன். தொலைபேசியில், “அப்ப நான் திவசத்துக்கு வரமாட்டன். என்னைப் பொய்யன் எண்டு சனத்துக்கு முன்னாலை நிப்பாட்டப்போறாய்” என்றார். அப்பாவின் சகோதரர்களில் கனடாவில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். அம்மாவிடம் போய், விடுவோமா என்று கேட்டேன். அம்மா பழைய மலரை எடுத்துவந்து நான்காம் பக்கத்தை விரித்து என் மடியில் வைத்தார். “இந்த நிர்வாக மேற்பார்வையாளர் ஆரெண்டு எனக்குத் தெரியாது. நான் கட்டினது உன்ரை அப்பாவை” என்றார். அதோடு முடிந்தது.

இனி நன்றி சொல்லவேண்டும். அப்பாவைக் கடைசிவரை கழுவித் துடைத்துப் பார்த்த தாதிமாருக்கும், துயரத்தில் சமைத்துக் கொண்டுவந்து தந்த அயலவருக்கும், கிரியைகளைச் செய்த ஐயாவுக்கும், சிரிக்காமல் என் எழுத்துப் பிழைகளைத் திருத்திய அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பின்வரிசையில் நின்ற ஒன்பது பேருக்கும், பனியில் நின்ற மோரிஸ் ஐயாவுக்கும், இதில் ஒரு சொல்லும் அவர்களுக்கு விளங்காது என்றாலும், நன்றி. பிள்ளைகளுக்குக் கலியாணம் பேச வருகிறவர்கள் இந்த மலரையே கொண்டுவரலாம். இதைப் பார்த்துத் திரும்பிப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே நன்றி.

சித்தப்பா, அச்சில் வந்த முதல் பிரதி உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது. நீங்கள் கட்டில் தந்ததும் கொள்ளி வைத்ததும் இதில் இருக்கிறது, நீங்கள் சொன்ன பொய்யும் நான் எழுதிய பொய்யும் இருக்கிறது. ஒன்றையும் எடுக்கமாட்டேன். திவசத்தன்று சாப்பாட்டுக்கு முதல் இதை எழுந்து நின்று சத்தமாக வாசிக்கப்போகிறேன். வாசிப்பவருக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். ஒரு பக்கத்தில் அம்மா நிற்பார். மற்றப் பக்கத்தில் வேறு யாரையும் நான் நிறுத்தப்போவதில்லை. வந்து நில்லுங்கள். ஒரு சொல் பிழை என்றாலும் எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள், திரும்பப் போய் வாசிக்கிறேன். பிழை இல்லையென்றால், முடியும்வரை என் பக்கத்தில் நில்லுங்கள்.